நோர்வேஜியன் என்ற சொல் எதையெல்லாம் குறிக்கிறது?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டில் நர்ஸாக இருப்பவர், நோர்வேயில் வேலைக்கு முயல்கிறார். அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'நோர்வேஜியன்' என்ற சொல் குடியுரிமைக்குப் பக்கத்தில் ஒரு தடவையும் மொழிக்குப் பக்கத்தில் ஒரு தடவையும் வருகிறதாம். இணையத்தில் தேடினால் விமானக் கம்பனி, கப்பல், எலி என்று என்னென்னவோ வருகிறதாம். மொழியைத் தேடினால் பூக்மோல், நீநொஷ்க் என்று இரண்டு பெயர். 'இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம், நான் எதைப் படிப்பது?' என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு மொழியையோ ஓர் ஆளையோ 'நோர்வேஜியன்' என்று யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? அதைச் சொல்லாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் நோர்வேயில் பல வருடமாகத் தமிழுக்கும் நோர்வேஜியனுக்கும் இடையில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். புதிதாக வரும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பும் எடுக்கிறேன். மொழியைப் பற்றியும் அதை மக்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்பது பற்றியும் உறுதியோடு சொல்வேன். சட்டம் என் துறை இல்லை. குடியுரிமை பற்றிப் பொது விதியை மட்டும் சொல்கிறேன், அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் குடிவரவு அலுவலகத்திடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அவசரமான பதில். குடியுரிமைக் கட்டத்தில் கேட்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்பதை. அங்கே நீங்கள் இந்தியர். மொழிக் கட்டத்தில் கேட்பது உங்கள் மொழித் தேர்ச்சியின் நிலையை. ஏ1, ஏ2, பி1, பி2 என்று மேலே போகும் ஐரோப்பிய அளவுகோல் அது. ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியே படித்த நர்ஸ்களிடம் பொதுவாக பி2 கேட்பார்கள். சில விளம்பரங்களில் 'நோர்வேஜியன் அல்லது வேறு ஸ்கந்தினேவிய மொழி' என்று இருக்கும். சுவீடிஷோ டேனிஷோ தெரிந்தவரும் விண்ணப்பிக்கலாம் என்று அதற்குப் பொருள். ஃபின்லாந்தின் ஃபின்னிஷ் அதில் சேராது, அது வேறு மொழிக் குடும்பம்.

இனி சொல்லுக்கு வருவோம். 'நோர்வேஜியன்' என்பது ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு அது 'நோர்வேஜியா' என்ற இடைக்கால லத்தீன் பெயரிலிருந்து வந்தது. அந்த நாட்டு மக்கள் தங்கள் மொழியில் இப்படிச் சொல்வதில்லை. அவர்கள் மூன்று தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். நாடு 'நொர்கெ'. மொழியும், அந்த நாட்டைச் சேர்ந்த எதற்கும் போடும் அடைமொழியும் 'நொஷ்க்'. ஆள் 'நூர்மன்', பலர் என்றால் 'நூர்மென்'. பெண்ணுக்கும் அதே 'நூர்மன்'தான். நம் ஊரில் குப்பன், சுப்பன் என்று பொதுவாக ஒரு ஆளைச் சொல்வது போல அங்கே 'உலா நூர்மன்', 'காரி நூர்மன்' என்பார்கள், பத்திரிகைகளில் சராசரிக் குடிமகனுக்கும் குடிமகளுக்கும் அதுதான் பெயர். ஆங்கிலம் மொழியையும் ஆளையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டதால்தான் உங்களுக்குக் குழப்பம். நோர்வேஜியனிலேயே அந்தப் படிவத்தைப் படித்திருந்தால் பாதிச் சந்தேகம் வந்திருக்காது.

நாட்டின் பெயர் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஓத்தர் என்ற வடநாட்டு வணிகர் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் அரசரிடம் தன் ஊர்க் கடற்கரையைப் பற்றிச் சொன்னதை எழுதிவைத்தார்கள். அதில் 'நோர்த்வெக்' என்று வருகிறது. டென்மார்க்கின் யெல்லிங்கில் 965-ஐ ஒட்டி ஹரால்ட் அரசர் நிறுத்திய கல்லிலும் நோர்வேயின் பெயர் இருக்கிறது. இவ்வளவும் உறுதி. பெயரின் பொருளில்தான் கருத்து வேறுபாடு. 'வடக்கே போகும் வழி' என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். முதல் பாதி 'வடக்கு' அல்ல, 'குறுகலான நீரிணை' என்று பொருள்படும் பழைய சொல் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இரண்டாம் பாதி 'வழி' என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. தீவுகளுக்கு உட்புறமாகக் கரையை ஒட்டிக் கப்பல் ஓட்டிய மக்களுக்கு எந்த விளக்கமும் பொருந்தும்.

எலி, கப்பல் கதையை வேகமாகப் பார்த்துவிடலாம். வெளியார் 'நோர்வே' என்று பெயர் சூட்டிய பல பொருள்களுக்கும் நோர்வேக்கும் உறவு மெல்லியது. சாக்கடையில் ஓடும் பழுப்பு எலிக்கு 1769-இல் 'நோர்வே எலி' என்று அறிவியல் பெயர் வைத்தவர் இங்கிலாந்துக்காரர். நோர்வேயிலிருந்து வந்த கப்பல்களில் அது வந்திறங்கியது என்று அப்போது நம்பினார்கள். உண்மையில் அந்த எலியின் பூர்வீகம் ஆசியா, வட சீனா, மங்கோலியா பக்கம். நோர்வே மக்கள் அதை வெறுமனே 'பழுப்பு எலி' என்கிறார்கள். 'நோர்வே இறால்' என்று உணவகங்களில் வரும் மெலிந்த சிங்கி இறாலும் நோர்வேயில் 'கடல் நண்டு' என்ற மாதிரியான பெயரில்தான் இருக்கிறது. நீங்கள் மருத்துவத் துறையில் இருப்பதால் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'நோர்வேஜியன் சிரங்கு' என்று பழைய பாடநூல்களில் வருவது, உடலெங்கும் பொருக்குத் தட்டும் கடுமையான சொறிசிரங்கு. 1848-இல் நோர்வே மருத்துவர்கள் தானியெல்சனும் பெக்கும் தொழுநோயாளிகளிடம் அதைக் கண்டு விவரித்ததால் வந்த பெயர். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு எந்த நாட்டிலும் வரும். இப்போது 'பொருக்குச் சிரங்கு' என்றே எழுதச் சொல்கிறார்கள், அதுதான் முறை. ஒரு நாட்டு மக்களின் பெயரை ஒரு நோயின் மேல் ஒட்டிவைக்க எந்தக் காரணமும் இல்லை.

விமானக் கம்பனி 1993-இல் தொடங்கியது, அதன் பெயரே 'நோர்வீஜியன்'. நோர்வே மக்கள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இந்த ஆங்கிலச் சொல் விழுந்தால் அது அந்தக் கம்பனிதான், வேறு எதுவும் இல்லை. கப்பல் கம்பனி 1966-இல் ஒரு நோர்வேக்காரரும் ஒரு இஸ்ரேலியரும் சேர்ந்து கரீபியன் கடல் சுற்றுலாவுக்காகத் தொடங்கியது. இன்று அதன் தலைமையகம் மயாமியில். அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 1825-இல் நோர்வேயின் ஸ்டவாங்கர் நகரிலிருந்து முதல் குடியேறிகளின் கப்பல் போனது. அடுத்த நூறு வருடத்தில் லட்சக்கணக்கானவர்கள் அதே வழியில் போனார்கள். மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் 'நான் நோர்வீஜியன்' என்று ஒருவர் சொன்னால் பூட்டனாரோ கொள்ளுப் பாட்டியோ அங்கிருந்து வந்தவர் என்று அர்த்தம். அவருக்கு மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் இருக்கலாம்.

நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956-இல் நோர்வே வந்தார். அங்கே குடியேறிய முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவர் நோர்வே நண்பர்களின் உதவியோடு யாழ்ப்பாணத்து மீனவர்களுக்காகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'சீநோர்'. சிலோனின் முதல் எழுத்துகளும் நோர்வேயின் முதல் எழுத்துகளும் சேர்ந்தது அது. காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். கேரளத்தின் நீண்டகரையில் 1950-களில் தொடங்கிய இந்திய-நோர்வே மீன்பிடித் திட்டத்தை அந்தக் கரையில் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இலங்கையில் 2002 பிப்ரவரி 22-ஆம் தேதிய போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு 'நோர்வே' என்றாலே நடுவில் நின்று சமாதானம் பேசியவர்கள் என்று பொருளாகிவிட்டது. சிலர் அதை நன்றியோடு சொன்னார்கள், சிலர் வசையாகச் சொன்னார்கள்.

இப்போது மொழி. அங்கேதான் இந்தச் சொல் உண்மையிலேயே சிக்கலானது. என்னிடம் வரும் மாணவர்கள் எல்லோரும் 'சரியான நோர்வேஜியன் எது?' என்று ஒரு தடவையாவது கேட்பார்கள். எழுத்தில் இரண்டு சரியான வடிவங்கள் உண்டு. பேச்சில் சட்டப்படி சரியானது என்று ஒன்றுமே இல்லை. இதை முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டவர்கள் வேகமாகப் படிக்கிறார்கள்.

இதன் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1380 முதல் 1814 வரை நோர்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் வந்தபோது பைபிளும் பிரசங்கமும் டேனிஷில் வந்தன. பழைய நோர்வே எழுத்து மொழி அழிந்தது. மக்கள் பள்ளத்தாக்குக்கு ஒரு பேச்சாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள், எழுதியது மட்டும் டேனிஷ். 1814-இல் டென்மார்க் நோர்வேயை சுவீடனுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த வருடம் மே 17-ஆம் தேதி எய்ட்ஸ்வொல்லில் அரசியலமைப்பு எழுதினார்கள். நவம்பரில் சுவீடனோடு ஒன்றியம் ஏற்பட்டபோது, அரசு அலுவல்கள் 'நோர்வேஜிய மொழியில்' நடக்க வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். சுவீடிஷ் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. ஆனால் அவர்கள் 'நோர்வேஜியன்' என்று எழுதியது முழுக்க முழுக்க டேனிஷைத்தான். சொல் முதலில் வந்துவிட்டது, அது குறிக்க வேண்டிய எழுத்து மொழி இன்னும் பிறக்கவில்லை.

அதை உண்டாக்க இரண்டு பேர் இரண்டு வழியில் போனார்கள். ஈவார் ஓசென் 1813-இல் மேற்குக் கரையில் எர்ஸ்டாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, தானாகவே மொழியியல் கற்றார். 1842 முதல் நான்கைந்து வருடம் ஊர் ஊராகப் போய் மக்கள் பேசுவதைக் கேட்டு எழுதினார். 1848-இல் இலக்கணம், 1850-இல் அகராதி. கிராமத்துப் பேச்சுகள் சிதைந்த டேனிஷ் என்றுதான் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். அவை பழைய மொழியின் நேர் வாரிசுகள், அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று ஓசென் காட்டினார். அந்த ஒழுங்கிலிருந்து ஒரு எழுத்து வடிவத்தைக் கட்டினார். அதுதான் இன்றைய நீநொஷ்க், 'புதிய நோர்வேஜியன்'. க்னுட் க்னுட்சென் என்ற பள்ளி ஆசிரியர் வேறு விதமாக யோசித்தார். எழுதுவது டேனிஷாகவே இருக்கட்டும், நகரத்துப் படித்தவர்கள் பேசுவது போல அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகலாம் என்றார். 1907-இலும் 1917-இலும் வந்த எழுத்துச் சீர்திருத்தங்களில் அது நடந்தது. டேனிஷில் மெலிந்து ஒலிக்கும் மெய்கள் பல சொற்களில் வல்லொலியாக மாறின, நோர்வேயின் பெரும்பகுதியில் அப்படித்தான் பேசுகிறார்கள். இந்தப் பாதையில் வந்தது பூக்மோல், 'புத்தக மொழி'. நாடாளுமன்றம் 1885-இலேயே இரண்டுக்கும் சம உரிமை கொடுத்துவிட்டது. இன்றைய பெயர்கள் 1929-இல் வந்தவை.

பிறகு ஒரு நீண்ட சண்டை. இரண்டையும் மெல்ல மெல்ல ஒன்றாக்கிவிடலாம் என்று அரசு நினைத்தது, 1938 சீர்திருத்தம் அந்த நோக்கத்தில்தான் வந்தது. 1950-களில் பூக்மோல் வீட்டுப் பெற்றோர் பலர் கொதித்துப் போனார்கள். பிள்ளைகளின் பாடநூல்களில் இருந்த புதிய வடிவங்களைக் கையாலேயே அடித்துத் திருத்தினார்கள். அந்த இணைப்புக் கொள்கையை அரசு 2002-இல் முறைப்படி கைவிட்டது. ஆனால் அதன் தழும்பு மொழியில் இருக்கிறது. 'அந்தப் புத்தகம்' என்பதற்கு பூக்மோலில் 'பூக்கென்' என்றும் எழுதலாம், 'பூக்கா' என்றும் எழுதலாம். இரண்டும் சரி. எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்தே ஒருவரின் ஊரையும் அரசியலையும் ஊகிப்பவர்கள் உண்டு.

நீநொஷ்க் யாருடையது? 1940-களில் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் அதைப் படித்தார்கள். இன்று பத்தில் ஒருவருக்குச் சற்று மேல், பெரும்பாலும் மேற்குக் கரை ஃபியோர்டுப் பகுதியும் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளும். எண்ணிக்கை குறைந்தாலும் அதை நாட்டுப்புறத்து மொழி என்று தள்ளிவிட முடியாது. 2023-இல் நொபெல் பரிசு பெற்ற யூன் ஃபொசெ எழுதுவது நீநொஷ்கில்தான். பாஸ்போர்ட் அட்டையில் நாட்டின் பெயர் 'நொர்கெ' என்று பூக்மோலிலும் 'நூரெக்' என்று நீநொஷ்கிலும் இருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த மொழிச் சட்டமும் இரண்டையும் சமமாகவே வைக்கிறது.

பேச்சு அதைவிட வேறு. தமிழில் மேடைக்கு ஒரு தமிழ், வீட்டுக்கு ஒரு தமிழ் என்று பழகியவர்களுக்கு இது முதலில் நம்பவே முடியாது. நோர்வேயில் மந்திரி நாடாளுமன்றத்தில் தன் ஊர்ப் பேச்சில் பேசுவார், மருத்துவர் தன் ஊர்ப் பேச்சில் பேசுவார், பேராசிரியரும் அப்படியே. பிள்ளைகளின் சொந்தப் பேச்சு மொழியிலேயே முடிந்தவரை பாடம் நடத்த வேண்டும் என்று நாடாளுமன்றம் 1878-இலேயே தீர்மானித்தது. ஊர்ப் பேச்சைத் திருத்துவது அங்கே மரியாதைக் குறைவு. இதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் வகுப்பில் படித்துவிட்டு வேலைக்குப் போகும் வெளிநாட்டவருக்கு இதனால் வரும் சிரமத்தை மறைக்கவும் கூடாது.

ஒரு உதாரணம். 'உங்களுக்கு என்ன செய்கிறது?' என்று நோயாளியிடம் கேட்பதை வகுப்பில் 'வா ஃபைலெர் டெ டை?' என்று படிப்பீர்கள். நடு நோர்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரில் அதே கேள்வியில் 'வா' போய் 'கா' வரும், 'ஃபைலெர்' வால் இழந்து 'ஃபைலெ' ஆகும், 'டை' என்பதும் சுருங்கி 'டே' போல ஒலிக்கும். 'நான்' என்பது வகுப்பில் 'யை'. மேற்குக் கரையில் 'ஏக்', ட்ரொண்ட்ஹைமிலும் வடக்கிலும் அ-வுக்கும் ஏ-வுக்கும் நடுவில் வாயை அகலத் திறந்து சொல்லும் ஒற்றை உயிர். 'நானும் ஏ வகுப்பில்தான் இருக்கிறேன்' என்பதை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மெய்யெழுத்தே இல்லாமல், உயிரெழுத்துகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். மொழியின் பெயரே ஊருக்கு ஊர் மாறும். ஒஸ்லோவில் ரகரமும் சகரமும் கலந்து 'நொஷ்க்' ஆகும், மேற்குக் கரை நகரமான பெர்கனில் தொண்டையில் உரசும் ரகரத்தோடு 'நொர்ஸ்க்' என்று இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

தமிழ்க் காதுக்கு இன்னொரு கஷ்டம் தொனி. 'விவசாயிகள்' என்பதும் 'அவரைக் கொட்டைகள்' என்பதும் எழுத்தில் வேறு வேறு, வாயில் ஏறக்குறைய ஒரே 'பென்னெர்'. முதலாவதில் குரல் ஒரு விதமாக ஏறும், இரண்டாவதில் வேறு விதமாக வளையும். ஒஸ்லோவில் ஏறுவது பெர்கனில் இறங்கும். இதற்காகப் பயப்பட வேண்டாம். வாக்கியத்தின் பொருள் காப்பாற்றிவிடும், வெளிநாட்டவர் தொனியில் பிசகினால் யாரும் தவறாக எடுப்பதும் இல்லை.

'நொஷ்க்' என்ற சொல்லுக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. 'ஃபொர்நொஷ்கிங்', அதாவது நோர்வேமயமாக்கல். மொழிக்காரர்கள் இதை நல்ல பொருளில் சொல்வார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த 'ஷோஃபெர்' என்ற சொல்லைத் தங்கள் எழுத்துமுறையில் எழுதுவது, டேனிஷ் வாடை அடித்த ஊர்ப் பெயர்களை மாற்றுவது எல்லாம் அதில் அடங்கும். தலைநகர் கிறிஸ்தியானியா 1925-இல் ஒஸ்லோ ஆனது அப்படித்தான். ஆனால் அதே சொல், வடக்கே 'சாமி' எனப்படும் பூர்வகுடி மக்களுக்கும், ஃபின்னிஷ் வழிவந்த சிறுபான்மையினரான க்வேன் மக்களுக்கும் அரசு செய்ததற்கும் பெயர். 1898-இல் வந்த உத்தரவு பள்ளிகளில் அவர்கள் மொழியின் இடத்தை மிகவும் சுருக்கியது. 1902-இன் நிலச் சட்டம் வடகோடிப் பகுதியான ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்க நோர்வேஜியன் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்து தாய்மொழியை மறந்தார்கள். டேனிஷின் பிடியிலிருந்து தன் மொழியை மீட்ட அதே தலைமுறைதான் இன்னொருவர் மொழியைப் பறித்தது. இந்தக் கொள்கையை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023 ஜூன் 1-ஆம் தேதி அறிக்கை கொடுத்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. வடக்கே வேலை கிடைத்துப் போனால், வயதான சாமி நோயாளியிடம் 'நீங்களும் நோர்வேஜியன்தானே' என்று சாதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் அவர் காதில் எப்படி விழும் என்பது அவர் பள்ளிக்கூடக் காலத்தைப் பொறுத்தது.

ஆள் விஷயத்துக்கு வருவோம். சட்டத்தில் தெளிவு உண்டு. நோர்வேயில் பிறந்ததால் மட்டும் ஒரு பிள்ளை நோர்வே குடிமகன் ஆகிவிடாது, பெற்றோரில் ஒருவருக்கு அந்தக் குடியுரிமை இருக்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் நோர்வே இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இந்தியா அனுமதிப்பதில்லை என்பதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். குடியுரிமை கேட்பவர்களிடம் பொதுவாகப் பேச்சுத் தேர்வில் பி1 எதிர்பார்க்கிறார்கள், 2022 வரை அது ஏ2-ஆக இருந்தது. புள்ளிவிவரத் துறை 'குடிவந்தவர்', 'குடிவந்த பெற்றோருக்கு நோர்வேயில் பிறந்தவர்' என்று இரண்டு வகை வைத்திருக்கிறது. இவ்வளவும் உறுதியானவை.

தெளிவில்லாதது 'நூர்மன்' என்ற சொல். பாஸ்போர்ட் கையில் இருந்தால் நூர்மன் என்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் நோர்வேயராக இருந்தால்தான் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் மறுப்பார்கள், பேச்சில் வெளிப்படும். 'நான் நொஷ்க், ஆனால் நூர்மன் இல்லை' என்று நம் பிள்ளைகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன், பாஸ்போர்ட் ஒன்று, பூர்வீகம் வேறு என்ற பொருளில். 'நொஷ்க்-தமிழர்' என்ற மாதிரிக் கூட்டுச் சொல்லில் வசதியாக இருப்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் இந்த விவாதத்தை ஊர்ப் பேச்சு பாதி தீர்த்துவிடுகிறது. பெர்கனில் வளர்ந்த தமிழ்ப் பெண் தொண்டை ரகரத்தோடு வாயைத் திறந்தவுடன் அவள் பெர்கன்காரி. அதன் பிறகு நூர்மனா இல்லையா என்று யாரும் அவளிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. 1992 புத்தாண்டு உரையில் அப்போதைய பிரதமர் க்ரூ ஹார்லெம் ப்ரண்ட்லண்ட், 'திறமையாக இருப்பது நோர்வேயருக்கே உரியது' என்று சொன்னார். இன்றுவரை புகழாகவும் கேலியாகவும் திருப்பிச் சொல்கிறார்கள். எது 'வழக்கமான நொஷ்க்' என்று பேசாத நாளே அங்கே இல்லை.

சரி, எதைப் படிப்பது? உங்களுக்கு பூக்மோல். பாடநூல், இணைய வகுப்பு, மருந்து உறையில் உள்ள விளக்கம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான். தேர்வை இரண்டில் எதிலும் எழுதலாம். மேற்குக் கரையில் நீநொஷ்க் நகரசபை ஒன்றில் வேலை கிடைத்தால், அங்கே போன பிறகு படித்துக்கொள்ளலாம். பூக்மோல் நன்றாகத் தெரிந்தவர் சில மாதங்களில் நீநொஷ்கைப் படித்துப் புரிந்துகொள்ளப் பழகிவிடுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். பேச்சுக்கு, முதல் வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே பேசுங்கள், எல்லோருக்கும் புரியும். காதை மட்டும் வேலை கிடைத்த ஊருக்குப் பழக்குங்கள். அரசு வானொலியில் அந்தந்த வட்டாரத்துக்குத் தனிச் செய்தி உண்டு, அதைத் தினமும் கொஞ்ச நேரம் கேட்டால் போதும்.

இலக்கணம் தமிழருக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. 'வீடு' 'ஹூஸ்', 'அந்த வீடு' 'ஹூசெ'. நாம் வேற்றுமை உருபைக் கடைசியில் ஒட்டுவது போல அவர்கள் 'அந்த' என்பதைக் கடைசியில் ஒட்டுகிறார்கள். வினை வாக்கியத்தில் இரண்டாம் இடத்தில் வர வேண்டும் என்பதுதான் நமக்குப் பழகாதது. நாம் எப்போதும் வினையைக் கடைசிக்குத் தள்ளிப் பழகியவர்கள்.

மருத்துவமனையில் வேலை செய்யப் போகிறவர் என்பதால் இரண்டு விஷயத்தை இப்போதே மனதில் வையுங்கள். ஒன்று எண்கள். இருபத்து மூன்றை முன்பு 'மூன்றும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். தொலைபேசி எண்களில் குழப்பம் வருகிறது என்று நாடாளுமன்றமே தீர்மானம் போட்டு, 1951 முதல் நம்மைப் போல 'இருபது மூன்று' என்று மாற்றியது. வயதானவர்கள் பலர் இன்றும் பழைய முறையில்தான் சொல்கிறார்கள். பிறந்த தேதியோ மாத்திரை அளவோ சொன்னால் எழுதிக் காட்டிச் சரிபாருங்கள். அடுத்தது மணி. 'ஹல் ட்ரே', அதாவது 'அரை மூன்று' என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. இந்த ஒன்றால் ஒரு மணி நேரம் பிந்தி மருத்துவரிடம் வந்த தமிழ் நோயாளிகளுக்காக நான் பல தடவை வரவேற்பு மேசையில் நின்று பேசியிருக்கிறேன்.

சந்தேகம் வந்தால் பெர்கன் பல்கலைக்கழகமும் மொழி மன்றமும் நடத்தும் இணைய அகராதியைப் பாருங்கள். பூக்மோல், நீநொஷ்க் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும், இலவசம். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று வடிவம் காட்டினால் ஏதாவது ஒன்றை எடுத்து அதையே எழுதிக்கொண்டு போங்கள். தேர்வில் எல்லா வடிவத்துக்கும் ஒரே மதிப்பெண்தான். எந்த ஊரில் வேலை கிடைத்தது என்று இங்கேயே எழுதினால், அந்த ஊர்ப் பேச்சில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.